டின்னில் இல்லாத கொலஸ்ட்ரால்

வண்டிப்பெரியார் மலைச்சரிவில் மாத்திரையோடு மனத்தெம்பும் மடித்துத் தந்த மகராசியே! தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியைத் தோளில் சுமந்த தாயே! பணி நிறைவு காணும் எங்கள் சிவசங்கரி சிஸ்டரே, வணக்கம்!

உங்கள் பொறுமையைப் போற்றத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம். கேன்டீன் சமையல்காரர் சுடலைமணியை விட்டுவிட்டு அதை எப்படிச் சொல்வது?

சுடலைமணி ஊதினால் பறக்கிற ஆள். கொழுப்பெல்லாம் குண்டானவர்களின் கவலை என்றிருந்தவர். நீங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவருக்குத்தான் கொலஸ்ட்ரால் எகிறி நின்றது! மிரண்டுபோன மனிதர், டாக்டர் தந்த மாத்திரையை விழுங்கியதோடு நிற்காமல், முட்டையின் மஞ்சள் கருவைத் தோண்டி ஃபேக்டரி நாய்க்குப் போட்டார். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சடித்த வனஸ்பதி டின்னை வாங்கி, வடையையும் பரோட்டாவையும் அதில் நீந்தவிட்டார்.

“டின்னுலயே இல்லன்னு போட்டிருக்கே சிஸ்டர்! பெறகு எனக்குள்ள எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“செடிகொடியில எடுக்குற எந்த எண்ணெயிலயும் அது இருக்காதுண்ணே. உங்க ஈரல்தான் அத உண்டாக்குது. இந்தக் கெட்டிக் கொழுப்பத் தின்னா ரத்தத்துல கூடத்தான் செய்யும். முட்டைய விட இந்த டின்னுதான் உங்களுக்கு வினை.”

“அப்ப நாய்க்குப் போட்டதெல்லாம்?”

“அது நாய்க்கு யோகம்!” என்றீர்கள்.

அவருக்குத் தலை சுற்றியது. தேங்காயெண்ணெய் அமிர்தம் என்றார் ஒருவர், விஷம் என்றார் மற்றவர். ரெண்டும் இல்லை, கையைச் சுருக்கி ஊற்றுங்கள் என்றீர்கள் நீங்கள். டின்னை ஒதுக்கினார், மாத்திரையை விழுங்கினார், கொலஸ்ட்ரால் இறங்கியது. வியாதி தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்தினார் பாருங்கள், அங்கேதான் வந்தது கேடு!

மழை கொட்டிய ஒரு காலையில், பரோட்டாக் கல்லின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நீங்கள் தோட்டத்து ஜீப்பை மறித்து, மலைப்பாதை நெடுக அவர் கையை விடாமல் பற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். கண் விழித்தவர் கேட்டார்: “நல்லாயிருச்சுன்னுதானே சிஸ்டர் நிறுத்துனேன்?”

“அந்த மாத்திரையாலதாண்ணே நல்லா இருந்துச்சு!” என்று சொல்லி நீங்கள் அழுதீர்கள். உங்கள் கண்ணீரை நாங்கள் கண்டது அன்றுதான்.

நெய் ஆகுமா, முட்டை ஆகுமா என்று அவருக்கு இன்றும் குழப்பம். நாளை முதல் யாரைக் கேட்பது என்று எங்கள் எல்லாருக்கும் குழப்பம்! எங்களுக்குச் சொன்ன பத்தியத்தை நீங்களும் கடைப்பிடித்து, ஈரலும் இதயமும் இணங்கி நிற்க, இன்பமாய் நெடுநாள் வாழுங்கள் சிஸ்டர்!

மாத்திரையை மட்டும் சுடலைமணி பிறகு விடவே இல்லை. அதனால்தான் இந்த மடலை உங்கள் முன் நின்று அவரே வாசிக்கிறார்.

என்றும் உங்கள் அன்பில்,
தேயிலை ஃபேக்டரி, கேன்டீன், டிஸ்பென்சரிப் பணியாளர்கள்