சூளைய அர்ஜ் பண்ணலாமா

“சூளைய அர்ஜ் பண்ணலாமா?”

காலையில் விருத்தாசலம் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை பார்க்கிறவர். பக்கத்தில் அவர் மனைவி, அன்றைக்குப் பிரைவேட்டாகப் பத்தாவது பரீட்சை எழுதப் போகிறவர். மடியில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தில் ‘அர்ஜ்’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்திருந்தார்.

“சூளைய முடியாதுங்க, ஆளத்தான். ஒண்ண செய்யின்னு ஒருத்தர விடாம வற்புறுத்துறதுதான் அர்ஜ்.”

“எங்க முதலாளி ஆறுறதுக்கு முன்னாடியே சூளைய தொறன்னு சொல்றாரு. தொறந்தா பொம்மையெல்லாம் விரிசல் வுட்டுடும்.”

“அது உங்கள அர்ஜ் பண்றது.”

“அப்ப, நீ பரீட்சை எழுதுன்னு நான் தெனம் சொல்றது?”

“அதுவுந்தான்.” புத்தகத்தை மூடிவிட்டு, “போன தடவ ஸ்கூலு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். இன்னைக்கும் அப்படி ஆயிடுமோன்னு இருக்கு,” என்றார்.

சூளைக்கு இறங்கும் ஸ்டாப் வந்தது.

“எறங்கலியா? இன்னைக்கு சூளை தொறக்கணும்னீங்களே.”

“அது நல்லா ஆறட்டும். நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் ஸ்கூலு வாசல்ல ஒக்காந்திருக்கேன்.”