மாடிப்படியில் நின்றவர்

“உன் வாய்தான் சொல்லியிருக்கும். இந்தக் கட்டடத்துல வேற யாருக்கு அவ்வளவு நீளம்?” என்று மேல்வீட்டு அச்சகக்காரரின் மனைவி படியில் நின்று கத்த, “உன் புருஷன் நெஞ்சை அளந்து பாக்குறதா எனக்கு வேலை?” என்று கீழ்வீட்டுத் தையல்காரி திருப்பிக் கத்த, நான் நடுமாடியில் என் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சண்டை கேட்பதற்கு வெங்காயம் வசதி. கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். அச்சகக்காரர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டுக் கம்பெனியோ செலவை ஏற்க முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டது. பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததாம், மறைத்துவிட்டார்களாம், அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தெரிந்ததாம்.

அந்த அக்கம்பக்கம் நான்தான்.

கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் மரியாதை தெரிந்த மனிதர். செருப்பை வெளியே கழற்றினார். தையல்காரியிடம் முதலில் கேட்டிருக்கிறார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டாளாம். எனக்கு எல்லாம் தெரியும். இருபது வருஷமாக என் வாசல் அந்தப் படியைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தாலே ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கூடப் பிறந்த தங்கையே போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடிப்பாள். இவர் பேனாவைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில், “கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா” என்றார். என்னிடம் அப்படிக் கேட்டவர் அதுவரை எவருமில்லை.

“மூணு வருஷமா பாக்குறேன். தினமும் என் வாசல்ல நின்னு, நெஞ்சுல கை வச்சுக்கிட்டு அப்புறம்தான் மேல ஏறுவார்” என்றேன். பாலிசிக்கு வயது இரண்டு.

மறுப்புக் கடிதம் வந்ததும் அச்சகக்காரர் மனைவி என்னிடம்தான் ஓடி வந்தாள். முறையீடு எழுத வேண்டும், என் கையெழுத்து அழகு என்றாள். எழுதிக் கொடுத்தேன். ‘இது அபாண்டம்’ என்ற வரி என்னுடையது. அவளுக்கு அந்த அளவுக்கு எழுத வராது. முறையீட்டைப் பார்த்து, விசாரித்தவர் மறுபடி வந்தார். “நிச்சயமாத்தானே சொல்றீங்க?” என்றார். மாற்றிச் சொன்னால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? கையெழுத்துப் போட்டேன்.

என்மேல் தப்பு என்கிறீர்களா? முன்பு நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நம்பாமல், வெங்காயம் உரிப்பவள் சொன்னதை நம்பினால், அதைக் கம்பெனியில் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது மறுப்பு வந்த அன்றே அச்சகக்காரர் ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என் வாசலில் வழக்கம்போல நின்றார். நெஞ்சில் கை வைத்தார். “சாவிய எங்க வச்சேன்னே தெரியலக்கா” என்று சிரித்தார். சட்டைப்பையில் தேடுவார், அங்கே இருக்காது, பிறகு கைப்பையைத் துழாவுவார். மூன்று வருஷமாக அதேதான். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் சாவியைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லையே.

பதினோராம் நாள் அவர் உடலை இறக்கிக்கொண்டு போனார்கள். படி திரும்பும் இடம் குறுகல். நான்தான் வாளியை நகர்த்தி வழிவிட்டேன்.

தையல்காரி இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தாள். அவள்தான் சொன்னாள் என்று தெருவே துணி கொடுப்பதை நிறுத்திவிட்டது. நாலு பேர் மாதிரிதானே நானும் நடக்க வேண்டும், நானும் நிறுத்தினேன். அச்சகக்காரர் மனைவி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அவள் மகள் தன்னோடு வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். அங்கிருந்துதான் கம்பெனி மேல் போட்ட இந்த வழக்கை விடாமல் நடத்துகிறாள், அதை விசாரிக்கத்தானே நீங்களும் வந்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். “எங்க பக்கம் நின்னது நீங்க மட்டும்தான் பெரியம்மா” என்றாள்.

மேல்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த மனிதருக்கு இருமல். வேண்டுமானால் அதையும் சொல்கிறேன், மெதுவாகவே.