அத்தானின் சவாசனம்

உடம்பைத் தளர்த்துவதைக் கால் பெருவிரலில்தான் தொடங்க வேண்டும். பலர் தலையில் தொடங்கிப் பிழைவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் யோகாசனம் பழக்கிய பதினொரு வருடமும் இதைத்தான் சொல்லிவந்தேன்.

தயாளினி, வேலணைத் தீவை விட்டு எல்லோரும் ஓடிய அன்று உன் அப்பா ஏன் வள்ளத்துக்கு வரவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறாய். சின்னம்மா உள்ளதைச் சொல்கிறேன்.

உன் அம்மாவைக் கிணற்றிலிருந்து தூக்கியபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அவள் முதுகில் இருந்த தழும்புகளைக் குளிப்பாட்டிய நாங்கள்தான் பார்த்தோம். செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் உன் அப்பா, “அவளுக்கு விசர், மூளை சரியில்லை” என்றார். உன்னை மாமா லண்டனுக்குக் கூப்பிட்ட பிறகு, ஒருநாள் என்னிடம் வந்தார்.

“மச்சாள், நித்திரை வருகுதில்லை. நெஞ்சு படபடக்குது. உம்மட்டைச் சவாசனம் பழகச் சொல்லி டொக்டர் சொல்லுறார்.”

பழக்கினேன். மத்தியானங்களில் என் வீட்டு அறையில் பாய் விரித்து, முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, காதில் பஞ்சும் கண்ணில் துணியும் வைத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் குறட்டை விடுவார். என் அக்காவுக்குப் பதினான்கு வருடமாய்க் கிடைக்காத நித்திரை, என் குரலைக் கேட்டு அவருக்கு வந்தது. அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு மத்தியானம், பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணை படலையில் சைக்கிளை நிறுத்தினார்.

“ரீச்சர், ஆமி இறங்கீட்டுது. அராலிக்கு வள்ளம் விடுறாங்கள், கெதியா வாங்கோ. குலசிங்கத்தார் எங்கை?”

“அத்தான் காலமையே போயிட்டார்,” என்றேன்.

உள்ளே போனேன். உன் அப்பா அரைநித்திரையில், “என்ன சத்தம்?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை அத்தான். கிடவுங்கோ.”

பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டேன். காதோடு குனிந்து, பெருவிரலிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாய்ச் சொல்லி நித்திரையாக்கினேன். என் குரல் நடுங்கவில்லை. பிறகு வள்ளமேறினேன்.

பின்னேரம் அந்த வீட்டில் ஷெல் விழுந்தது. அதை நான் ஏவவில்லை. நித்திரையாய்க் கிடந்த ஒருவரை எழுப்பாமல் விட்டேன், அவ்வளவுதான்.

எரிந்த கதவில் பூட்டுத் தொங்கியதாக அப்புத்துரை அண்ணை உனக்குச் சொல்லியிருக்கிறார். உண்மைதான். வெளிப்பக்கம் பூட்டியது நான். ஆடு மாடு உள்ளே போய் அவருடைய நித்திரையைக் குழப்பிவிடக் கூடாதே.