கூலித் துறவி

அக்டோபர் கடைசி ஞாயிறு. மாலை ஐந்து மணி. முந்தின இரவுதான் குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். அதனால் அதற்குள் இருட்டிவிட்டது. பெல்வார்டின் மாளிகைத் தோட்டத்து ஏரியைச் சுற்றிப் போகும் பாதை... விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் யூ மரங்கள். அதில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் போகிறாள்.

அவள் என் சிநேகிதி ட்ரூடி. அவள் அப்பாவுக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கும் மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வாங்கும்போது என்னிடம் சொன்னாள்.

"எந்த ஏரி? காலைல வாத்துக்கு ரொட்டி போட்டேனே, அதுவா?"

"அதேதான் கென். ரொட்டி போடாதீங்கன்னு பக்கத்துலயே பலகை இருக்கு. நீ எங்க படிச்சே? அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு, குளிருது."

மாளிகையைக் குளிர்காலத்துக்காகப் பூட்டப்போகிறோம், நாற்காலிகளுக்கெல்லாம் போர்வை போட்டு மூடியாயிற்று. ஓடையில் வெள்ளம் வடிகிற வரைக்கும் இந்தச் சமையலறையை விட்டு யாரும் போக முடியாது. கேளுங்கள்.

பார்வையாளர்களுக்குச் சொல்ல வழிகாட்டிகள் உங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களே, அதில் இந்த மாளிகையின் பழைய எஜமானர் சர் ஹம்ப்ரி ஏரி வெட்டினார், பார்வையை மறைத்த ஊரையே பெயர்த்து மலைக்கு அந்தப் பக்கம் வைத்தார் என்றெல்லாம் இருக்கும். துறவி வைத்திருந்தார் என்று இருக்காது. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். மயில் வளர்ப்பதுபோல, தோட்டத்து மூலையில் ஒரு குடிசை கட்டி அதில் ஒரு துறவி. நிஜத் துறவி இல்லை, கூலிக்கு. முடி வெட்டக்கூடாது. நகம் வெட்டக்கூடாது. ஏழு வருஷம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடிந்ததும் எஜமானரே வந்து, 'போதும், இனிப் பேசலாம்' என்று சொல்லி அனுப்புவார். உண்ட கொழுப்பு, வேறென்ன.

ஆனால் சர் ஹம்ப்ரி நடுவில் இத்தாலிக்குப் போனார். அங்கேயே காய்ச்சலில் செத்தார். வாரிசுகள் லண்டனில். குடிசைக்குச் சாப்பாடு அனுப்பச் சொல்லி உத்தரவு இருந்தது, சமையலறையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. துறவியாக உட்கார்ந்திருந்தவன் வாய் திறந்து கேட்கவும் முடியாது. ஏழு வருஷம் முடிந்தது... அதற்கு அப்புறமும் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது என்று சொல்வார்கள்.

இனி ட்ரூடியின் அப்பா. நெவில் பிரீஸ். அவள் அம்மா மாரீன் அந்த மார்ச்சில் இறந்தாள். நெவில் அழவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு ஹாம் சாண்ட்விச் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாராம். பிறகு பேச்சும் குறைந்தது. கோடையில் 'ஆமா', 'இல்லை'கூட நின்றது. ஊரில் யாரும் என்னவென்று கேட்கவில்லை. "நெவில் நல்லாத் தாங்கிக்கிறான்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அழாதவனுக்குத்தான் மரியாதை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்த வருஷம் மாளிகையை நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு யோசனை வந்தது. பழைய குடிசையைத் தட்டிக்கொட்டி அதில் ஒரு துறவியை உட்கார வைப்பது. பேசாமல் இருக்க ஆள் வேண்டும். ஊரே நெவிலைக் காட்டியது. அவரும் ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். குழந்தைகள் வந்து மூக்கைக் கிள்ளினார்கள். அவர் அசையவில்லை.

அந்த ஞாயிறுதான் அந்தத் துறவி வேஷத்துக்குக் கடைசி நாள். மறுநாள் டோரீன் அத்தை ஸ்விண்டனிலிருந்து வந்து ட்ரூடியைத் தன்னோடு வைத்து வளர்க்கக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அத்தை போனில் அப்பாவிடம் சொன்னதை ட்ரூடி கேட்டிருந்தாள். "வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு நெவில். நான் வரல. ஒரே ஒரு வார்த்தை." அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். அவர் பேசினால் அவள் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சர் ஹம்ப்ரி கதை அவளுக்குத் தெரியும். குழந்தைதானே. எஜமானர் சொல்லாததால்தான் அப்பா பேசவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

குடிசைக்குள் போனாள். தரை முழுக்க ஆட்டு மூட்டெலும்புகள் பதித்திருக்கும். கால் வைத்தால் டக்... டக்... என்று சத்தம். அழுகிய இலை வாசம். அப்பா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். தாடியைக் கழற்றிவிட்டிருந்தார். அவளைப் பார்த்தார். 

ட்ரூடி நிமிர்ந்து நின்று, பெரிய மனிதரைப்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"போதும். உங்க வேலை முடிஞ்சது. இனிப் பேசலாம்."

அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

பிறகு பேச்சு வந்தது. அப்பாவிடமிருந்து இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து. துருப்பிடித்த கீல்போல ஒரு ஆண் குரல்.

"எங்கம்மா இன்னும் இருக்காங்களா?"

அவள் திரும்பவில்லை. எலும்புத் தரை டக் என்றது. இன்னொரு டக். ஈரக் கம்பளியும் மெழுகுக் கொழுப்பும் சேர்ந்த நாற்றம் அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. பாதையில் சருகுகள் நொறுங்கும் சத்தம். முதலில் மெதுவாக... அப்புறம் ஓடுவதுபோல.

அப்பாவின் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. எதுவும் வரவில்லை.

"அப்போ அவளோட சொல்லு அந்தப் பழைய துறவிக்குப் போயிடுச்சா?" கென் குரலில் கிண்டல் இல்லை.

"எனக்கென்ன தெரியும்? நடந்ததைச் சொல்றேன்."

மறுநாள் அத்தை வந்தாள். ட்ரூடி பெட்டியோடு வாசலில் நின்றாள். அப்பா எதிரில் நின்றார். அத்தை கையைப் பிடித்து இழுக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பிவிட்டது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே வந்ததில்லை என்றாள்.

நெவில் தனியாகவே இருந்தார். தோட்டத்தில் வேலி வெட்டினார். பேசவில்லை. டாக்டர்கள் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ட்ரூடி கிறிஸ்துமஸுக்கு வந்து போவாள். இரண்டு பேரும் வான்கோழி சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பார்கள். அந்த வார்த்தைகளை அவள் மறுபடி சொல்லவே இல்லை. "சொல்லி, மறுபடியும் வேற யாராவது எந்திரிச்சுப் போயிட்டா?" என்று என்னிடம் கேட்டாள். நான் முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபது வருஷம். நெவில் ஹெரிஃபர்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயோடு கிடந்தார். ஒரு மதியம் ட்ரூடி கீழே டீ வாங்கப் போனாள். இரண்டு கோப்பையோடு மேலே வந்தால் நர்ஸ் வழியிலேயே நிறுத்தினாள். போயிட்டார்மா என்றாள்.

"வாயில தெர்மாமீட்டர் வச்சிருந்தேன். எடுத்துட்டு, போதும் மிஸ்டர் பிரீஸ், இனிப் பேசலாம்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான். அவர் நிமிர்ந்து உக்காந்து பேசினார்."

"என்ன பேசினார்?"

"'அவ எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருக்கட்டும்'னார். ரெண்டு தடவை. அப்புறம் படுத்துட்டார்."

ட்ரூடி கையில் டீ. கை சுடுவதுகூடத் தெரியவில்லை.

"யார்கிட்ட சொன்னார்?"

"வாசல்ல பெட்டியோட நின்னுதே, ஒன்பது வயசிருக்கும், அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட. உங்க மகதானே? ஜாடை அப்படியே இருக்கு. அவர் சொன்னதும் பெட்டியைக் கீழ வச்சிட்டு உள்ள போச்சு. கட்டில் பக்கத்துலதான் உக்காந்திருக்கு, பாருங்க."

ட்ரூடிக்குப் பிள்ளை கிடையாது.

அந்த அறைக்குள் அவள் போகவில்லை.