புல்வெளியில் ஒரு வெள்ளை விரிப்பு

வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதில் ஒரு பக்குவம் உண்டு. ஒரு சொட்டுக் கூடினாலும் திட்டுத்திட்டாகிவிடும். பங்களாவில் நான் வெளுத்த விரிப்புகளில் யாரும் ஒரு திட்டுக் கண்டதில்லை. எந்த வேலையையும் ஒழுங்காகத்தான் செய்வேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பங்களா இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. அதன் சொந்தக்காரரை நாங்கள் தொரை என்போம். அவரிடம் மஞ்சள் நிறத்தில் பழைய விமானம் ஒன்று இருந்தது. இரட்டை இறக்கை, இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. எண்பது வயது வண்டி என்பார். கீழே மைதானத்திலிருந்து பயணிகளை ஒவ்வொருவராக ஏற்றிப் பறப்பார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்கள் படம் எடுக்க வசதியாகச் சரிவில் தாழ்ந்து போவார்.

அப்படித் தாழ்ந்து போன ஒரு நாள், ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது. ஆறு பேரைக் கொட்டியது. ஐந்து பேர் பிழைத்தார்கள். ஆறாவது ஆள் என் அம்மா ராசம்மா.

தொரை நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். "குளவிக்கு நாம என்ன செய்ய ஏலும், மகள்?" என்றார். மறுநாள் காலை அதே மலைமேல் பறந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரிடமே வேலை கேட்டேன். உடனே கொடுத்தார். நல்ல மனிதர்.

தொரை பறந்து போகும் வட்டகொடைக் கணவாய் நடுவில் வளைகிறது. அதன் வாய் வெளிச்சமாக இருந்தாலும் வளைவுக்கு அப்பால் பனிமூட்டம் அடைத்திருக்கும். தரையில் நின்று பார்த்தால் அது பங்களாவின் பின்கட்டிலிருந்துதான் தெரியும். பறக்கும்போது இரைச்சலில் போன் கேட்காது. எனக்கோ அதிகம் பேச வராது. கூட வேலை செய்த ஜெயந்தினிதான் வழி சொன்னாள்.

"இவ வாயத் தொறக்க நல்ல நாள் பாக்கணும் தொரை. கணவா வெளிச்சமா இருந்தா புல்லுல ஒரு வெள்ளத் துணிய விரிச்சிருவா. துணி இல்லன்னா நீங்க திரும்பிருங்க."

தொரை சிரித்தார். எங்கள் மூவருக்குள் இருந்த ஏற்பாடு அது. ஆரம்பத்தில் துணியைப் பார்த்த பிறகும் ஒரு வட்டம் அடித்து எட்டிப் பார்ப்பார். நான் ஒரு நாளும் தவறாக விரிக்கவில்லை. ஒன்றரை வருடம். பிறகு அவர் வட்டம் அடிப்பதை விட்டுவிட்டார்.

அந்தப் புதன்கிழமை துவைக்கும் நாள் இல்லை. வளைவுக்கு அப்பால் மூட்டம் சுவர் மாதிரி நின்றது. அலமாரியிலிருந்து இஸ்திரி மடிப்புக் கலையாத விரிப்பு ஒன்றை எடுத்துப் புல்லில் விரித்தேன். நான்கு மூலைக்கும் கல் வைத்தேன்.

அப்போது ஜெயந்தினி மைதானத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். நான் பேசமாட்டேன், கேட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

"அடியே, வெள்ளக்காரன் பயந்துட்டான்டி. சீட்டு சும்மாதான போகுதுன்னு தொரை என்னைய ஏறச் சொல்லிட்டாரு. பங்களா மேல வந்து கையாட்டுறேன். பாக்காம நிக்காத, ஊமக்கோட்டான்."

மைதானத்திலிருந்து பங்களாவுக்கு மேலே வர ஆறு நிமிடம் ஆகும். ஒரு விரிப்பை மடிக்க எனக்கு அரை நிமிடம் போதும். நான் புல்வெளியில்தான் நின்றேன். அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். வளைவுக்கு அப்பால் சத்தம் நின்றது.

இருவரையும் மூடுவதற்குப் பங்களாவில் விரிப்புக் கேட்டார்கள். நல்லதாகப் பார்த்து நான்தான் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். நீலம் சரியாக இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். சமையற்காரர் நல்லமுத்து தமிழில் சொன்னார்.

"காலையில நீ என்ன செஞ்சிக்கிட்டு இருந்தேன்னு கேக்குறாங்கம்மா. பயப்படாம சொல்லு."

"துணி காயப்போட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். விமானியின் தவறு என்று அறிக்கை வந்திருக்கிறது. வட்டம் அடித்துப் பார்க்காமல் கணவாய்க்குள் நுழைந்தாராம். அது உண்மைதான்.

ஜெயந்தினிக்காகவாவது அந்த விரிப்பை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருப்பேன். அது இன்னும் காயவில்லை. ஈரத் துணியை மடித்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.