நெற்றியில் விழும் முடி

ஹலோ… ஹலோ, கேக்குதுங்களா… ஆமாங்க, அவ நம்பர்தான்… இல்லைங்க, அவ இல்ல. அவ வீட்டுக்காரர் பேசறேன்… ஆமா, ஆமா, லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்தான். சொல்லியிருக்காளா… சரிங்க.

இல்லைங்க, சனிக்கிழமை வர்றதப் பத்திக் கூப்பிடல… வேற நாளைக்கு மாத்தறதுக்கும் இல்ல… மேடம், நான் சொல்றத ஒரு நிமிஷம்… ஐயோ, கோவமெல்லாம் இல்லைங்க. உங்க மேல எனக்கு என்ன கோவம். இன்னைக்கு என் குரலே இப்படித்தான் இருக்கு.

நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்.

அவ… அவ தவறிட்டா… … … ஆமா. அவதான். பல் டாக்டர்கிட்ட முன்னாடி மேஜையில உக்காந்திருப்பாளே, உங்ககிட்ட முடி வெட்டிக்க வருவாளே, அவதான்… நேத்து மத்தியானம். வேலை செய்யற இடத்துலயே. யாருக்கோ போன்ல நேரம் குறிச்சுக் குடுத்துட்டு இருந்தாளாம், அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு மேஜை மேல சாஞ்சுட்டா… இல்ல, ஒரு வியாதியும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல… டாக்டர் ஓடி வந்தாராம். என்ன இருந்தாலும் அவர் பல் டாக்டர்தானே, அவர்தான் என்ன பண்ணுவார் பாவம்.

மேடம்… ம்… ம்… கொஞ்சம் தண்ணி குடிங்க… பக்கத்துல யாராவது இருக்காங்களா… கஸ்டமரா, சரி, அவங்களையே எடுத்துத் தரச் சொல்லுங்க… பரவால்ல, பரவால்ல. நான் லைன்லதான் இருக்கேன்.

… … சரிங்க, அக்கான்னே கூப்பிடறேன். அவ போன்ல ‘முடி அக்கா’ன்னுதான் போட்டு வச்சிருக்கா. அத வச்சுத்தான் உங்களக் கண்டுபிடிச்சேன்.

அக்கா, ஒரு உதவி வேணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேட்டா எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நினைப்பீங்க… சொல்றேன். அவ நெத்தி முடிய எப்படிப் பண்ணுவா?

இல்லக்கா, அந்த முன்னாடி வெட்டி விட்டிருப்பாளே… ஃப்ரிஞ்ச்… ஆமா, அதேதான். அது எப்படி அப்படி வளைஞ்சு வளைஞ்சு நிக்கும்… இப்பவே தெரியணும். நான் அவ பக்கத்துலதான் நிக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், கொண்டு வந்து வச்சிருப்பாங்களே, அந்த ரூம்.

இங்க ஒரு அம்மா இருக்காங்க, குளிப்பாட்டித் தயார் பண்றவங்க. நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, குறை சொல்லல. ஆனா முடிய ஈரத்தோட பின்னாடி வாரி, ஏதோ கிரீம் போட்டு, தலையோட ஒட்ட வச்சுட்டாங்க. நெத்தி முழுசா தெரியுது. எங்க பொண்ணு இருக்காளே… ஆமா, எட்டு வயசுதான்… வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு, இது எங்க அம்மா இல்லன்னுட்டா… … அழுது அடம் பிடிச்சாக்கூடத் தேவலையே. சாதாரணமாச் சொல்றாக்கா. எங்க அம்மாவுக்கு இவ்ளோ பெரிய நெத்தி கிடையாது, நீங்க ஆள மாத்திட்டீங்க, எங்க அம்மா வேற ரூம்ல இருப்பாங்க, வாங்க தேடலாம்னு என் கையப் பிடிச்சு இழுக்கறா… இப்ப வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்கா. எங்க அண்ணி கூட இருக்காங்க. வர்ற போற நர்ஸையெல்லாம் நிறுத்தி விசாரிச்சுட்டு இருக்கா.

கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும். ஏத்தறப்பவே மூடிடுவாங்க. மூடினதுக்கப்புறம் நான் என்ன சொல்லி அவளை நம்ப வைக்கிறது.

… நீங்க எங்க இருக்கீங்க… அது ஊருக்கு அந்தக் கோடியாச்சே. இந்நேரத்து ட்ராஃபிக்ல நீங்க கிளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்க்கா… தெரியும், நீங்க வருவீங்க. ஆனா நேரத்துக்கு வந்து சேர முடியாது. அதனாலதான் சொல்லுங்க, நான் பண்றேன்… நான்தான். வேற யார் இருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். நீங்க சொல்லச் சொல்ல செய்யறேன்.

போட்டோவா, எடுத்து அனுப்பட்டுமா, பார்த்துட்டுச் சொல்றீங்களா… … வேண்டாமா… சரி, சரி. அனுப்பல. நீங்க பார்க்க வேண்டாம். நீங்க பார்த்தது அப்படியே இருக்கட்டும்.

சொல்லுங்க… போனத் தோள்ல இடுக்கிக்கிட்டேன், ரெண்டு கையும் ஃப்ரீ… ம்… காஞ்சிருந்தா சீப்ப வைக்கவே கூடாது… சரி. ஏன்… பஞ்சு மாதிரி கிளம்பிடுமா. ஓ… மறுபடி நனைக்கணும். தலை முழுசுமா… முன்னாடி மட்டும். எவ்ளோன்னு எப்படித் தெரியும்… புருவத்தோட இந்தக் கோடி, அந்தக் கோடி, அதுலேருந்து மேல ஏறி உச்சில ஒரு புள்ளி. முக்கோணம். அது புரியுது… பிரிச்சுட்டேன். இருங்க, குட்டையா இருக்கறதெல்லாம் தனியா வருது, தன்னாலயே வருது. ஆமா, நீங்க வெட்டினதுதான்.

அம்மா, ஒரு கிண்ணத்துல தண்ணி குடுங்களேன்… துணியும்… இல்லம்மா, உங்களக் குத்தம் சொல்லல. பொண்ணுக்காகத்தான்… குடுக்கறாங்கக்கா. நல்லவங்க. ஒண்ணும் கேக்காமக் குடுக்கறாங்க.

நனைச்சேன்… வேர் வரைக்குமா… கிரீம் போகவே மாட்டேங்குது, வழவழன்னு இருக்கு… சோப்பு ஒரு துளி. ம்… போகுது, போகுது… கண்ணுல படாம… பார்த்துத்தான் பண்றேன்… கண்ணுல பட்டா எரியுமேன்னு கைய வச்சு மறைச்சிருக்கேன்க்கா. எதுக்கு மறைச்சேன்னு தெரியல.

… … இல்ல, இருக்கேன். சொல்லுங்க.

துண்டால தேய்க்கக் கூடாது… பழைய பனியன் துணியா. நான் போட்டிருக்கிற பனியனே இருக்கே… இருங்க, கழட்டறேன்… ஒத்தி ஒத்தி எடுக்கணும். சரி… அக்கா, இது மூக்கு வரைக்கும் வருது. அவளுக்குப் புருவத்துலதானே நிக்கும்… ஈரத்துல நீளமாத் தெரியுமா… காஞ்சா மேல ஏறிடும். சுருளும் இல்லாம நேரும் இல்லாம அலை அலையா இருக்கிற முடி அப்படித்தான்… ஓ, அதனாலதான் நீங்க எப்பவும் காய வச்சே வெட்டுவீங்களா… ம்.

வேண்டாம்மா. கத்தரிக்கோல் வேண்டாம். அது தன்னால ஏறிடுமாம்… இந்த அம்மா கத்தரிக்கோலோட வந்துட்டாங்கக்கா, நீளமா இருக்கேன்னு. நல்ல வேளை.

சீப்பு இருக்கு. பல்லு நெருக்கமா இருக்கு… அப்ப விரலாலயே… என் விரலாக்கா. நகக்கண்ணுல கிரீஸ் ஏறி வருஷக்கணக்கா ஆகுது, எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. அவ தலைய நான் தொட வந்தாலே, போய்க் கைய கழுவிட்டு வாம்பா… சரி. செய்யறேன். இடது பக்கம் தள்ளி, வலது பக்கம் தள்ளி, மறுபடி இடது… எதுக்கு இப்படி… வேர்ல ஒரு சுழி இருக்கா அவளுக்கு. எனக்குத் தெரியாதே. ஆமா, இருக்குக்கா. விரல்ல தட்டுப்படுது. இங்க பாருங்க, இத்தன வருஷம் கூட இருந்திருக்கேன்.

ஒரு செகண்ட்… என் போன் அடிக்குது… என் ஆபீஸ்தான். எங்கயோ லிஃப்ட் நின்னிருக்கும். நிக்கட்டும்.

ம்… இதுக்குத்தான் தினமும் காலையில அவ்ளோ நேரம் ஆச்சா. நான் வெளிய நின்னு கதவத் தட்டுவேன்… நான் என்னவோ தூங்கி எழுந்தா அது அப்படியே அழகா விழும்னு நினைச்சுட்டு இருந்தேன்க்கா… சிரிக்கிறீங்களா. சிரிங்க. உங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாளா… என்ன சொல்லுவா… … அப்படியா… என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னா. ம்.

அப்ப எதுக்குக்கா இத்தன பாடு. நல்ல நெத்திதானே. கல்யாணத்தன்னைக்குப் பார்த்ததுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முழுசாப் பார்க்கறேன். அழகாத்தான் இருக்கு… பள்ளிக்கூடத்துலயா… மொட்டைப் பாறைன்னு கூப்பிட்டாங்களா. யாரு அது… என்கிட்ட சொன்னதே இல்ல. உங்ககிட்ட சொல்லியிருக்கா பாருங்க. கண்ணாடி முன்னாடி உக்கார வச்சாத்தான் சொல்ல வரும் போல.

… சரி, மேல சொல்லுங்க… கிரீம் ஒரு பட்டாணி அளவு. அவ பையில இருக்கும்னு சொல்றீங்க… பை இங்கதான் இருக்கு, அவ வேலை செய்யற இடத்துலேருந்து போனோட சேர்த்துக் கொண்டு வந்து குடுத்தாங்க. நான் இன்னும் திறக்கல… … திறக்கணுமா… இருங்க… … … சின்ன வெள்ளை டப்பா. இருக்கு. இதுல அவ விரல் பட்ட குழி இருக்குக்கா… … ம்… எடுத்துட்டேன். உள்ளங்கையில தேய்ச்சு, முடி நுனில மட்டும். வேர்ல படக் கூடாது, பட்டா எண்ணெய் வழியற மாதிரி ஆயிடும்… சரி.

இப்ப விரல்ல சுத்தணும். மூணு பிரியாப் பிரிச்சுக்கணுமா. எந்தப் பக்கம்… முகத்த விட்டு வெளிப்பக்கமா. அவளுக்கு இடதா, எனக்கு இடதா, நான் தலைமாட்டுல நிக்கறேன்… அவளுக்கு. சரி… கயிறு முறுக்கற மாதிரியா… அவ்ளோ இறுக்கமா வேண்டாம். லேசா. சும்மா ஒரு சுத்து. பழக்கம்க்கா, எனக்கு முறுக்குன்னாலே இறுக்கிடுவேன்… விட்டுட்டேன். மறுபடி சுத்தறேன்… கிளிப்பு அவ பையிலயே ரெண்டு இருக்கு. லேசாக் குத்தி விடறேன். ஆச்சு.

இனிமே… தொடவே கூடாது, காயட்டும். எவ்ளோ நேரத்துல காயும்… மெஷின் இல்லக்கா. கை கழுவற இடத்துல செவுத்துல ஒண்ணு இருக்கு, கைய நீட்டினா காத்து வருமே, அது. அத எப்படிக் கழட்டறது. கழட்டத் தெரியும், ஆனா… இல்லாட்டியும் தானே காஞ்சிடும்ங்கறீங்களா…

தலைச் சூட்டுலயே காஞ்சிடும்ங்கறீங்க.

… … அக்கா. சூடு இல்லக்கா.

… … ஐயோ, நீங்க தெரியாமச் சொன்னீங்க… இல்லக்கா… எல்லாருக்கும் சொல்றதுதானே, அதே மாதிரி வாயில வந்துடுச்சு. இல்ல, அழாதீங்க. நீங்க அழுதா நான் என்ன பண்ணுவேன். எனக்கு வழி சொல்றதுக்கு வேற யாரும் இல்லக்கா.

ம்… ஊதட்டுமா… ஊதினா கலைஞ்சுடும். கை… கையச் சூடாக்கிட்டு மேல கவிச்சு வச்சா… தொடாம, சும்மா குடை மாதிரி. சரி. அக்குள்ல வச்சுக்கறேன் கைய. என் கையும் ஜில்லுன்னுதான் இருக்கு, இந்த ரூம் அப்படி… … வச்சிருக்கேன்… இந்த அம்மா எங்கயோ போய் வெந்நீர் பாட்டில் கொண்டு வந்து பக்கத்துல வைக்கறாங்க… ஆமா, துணி சுத்தித்தான் வச்சிருக்காங்க… நான் கைய அதுல வச்சு வச்சு எடுக்கறேன்.

அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா. நான் பண்றது சரியா… இல்ல, பொண்ணுக்கு அடையாளம் தெரியாமலே இருந்துட்டா… அம்மா எங்கயோ இருக்காங்கன்னு நினைச்சுட்டுப் போகட்டுமே. நான்தான் கைய வச்சு, முடிய முறுக்கி, இதுதாண்டி உங்கம்மான்னு அவ முகத்துக்கு நேரா காட்டப் பார்க்கறேன். ஒரு அப்பன் பண்ற வேலையா இது… … … ம்… … ஆமா. தேடிக்கிட்டே இருப்பா. ஆமாக்கா. ரோட்டுல போற ஒவ்வொரு பொம்பளையையும் பார்ப்பா… ம். தெரியுது. தெரிஞ்சுதான் கேட்டேன்.

… … கொஞ்சம் காஞ்ச மாதிரி இருக்கு. கிளிப்ப எடுக்கட்டுமா… மெதுவா. இழுக்காம… எடுத்துட்டேன். ஏறுதுக்கா. நீங்க சொன்ன மாதிரியே மேல ஏறுது. மூக்குல இருந்தது இப்ப கண்ணுகிட்ட வந்துடுச்சு… விரலால லேசாப் பிரிச்சு விடணுமா… பிரிச்சா ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கமாத் திரும்பி நிக்குது… விட்டுடட்டுமா. சரி.

இல்லக்கா, அப்படியே அவ மாதிரின்னு சொல்ல முடியாது. ஒரு பக்கம் தட்டையா இருக்கு. அவ பண்ணா இப்படியா இருக்கும். ஆனா நெத்தி மறைஞ்சுடுச்சு. தூரத்துலேருந்து பார்த்தா… எனக்குத் தெரியலக்கா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல இப்ப.

வண்டி வந்துடுச்சு போல. சத்தம் கேக்குது… அம்மா, கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கம்மா, ரெண்டே நிமிஷம்.

அக்கா… அவ வாசல்ல நிக்கறா. பொண்ணு. எப்ப வந்தான்னே தெரியல… … நீங்க எதுவும் பேசாதீங்க. போனையும் வச்சிடாதீங்க. சும்மா இருங்க லைன்ல.

வா குட்டி… வா… பயப்படாத, அப்பா இருக்கேன்ல.

… … … பக்கத்துல வந்துட்டா… … முகத்தையே பார்த்துட்டு நிக்கறாக்கா… … என்னம்மா… … அந்த ஓர முடி இன்னும் கொஞ்சம் கீழ விழும்ங்கறா… நீயே விடு… அவளே விரலால இழுத்து விடறா. ரொம்ப மெதுவா.

… … …

அம்மான்னு கூப்பிட்டாக்கா… … இல்ல, வேற யாரையும் இல்ல. இங்க படுத்திருக்கறவளைத்தான்… … கூப்பிட்டுட்டே இருக்கா. பதில் வரலன்னதும் என்னைப் பார்க்கறா…

அக்கா, போன வைக்கறேன். பொண்ணத் தூக்கணும். ரெண்டு கையும் வேணும்.