மிளகு காயும் சோலார்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. பக்கத்தில், அவர் வீட்டுக்குச் சோலார் போட்டுக் கொடுத்தவர், தப்ப வழியில்லாமல் ஜன்னலோரம் மாட்டியிருந்தார்.

“மிளகு காய நொம்ப நல்லாத்தானுங்க இருக்குது உங்க சோலாரு. பேட்டரிதான் ஏற மாட்டேங்குது” என்றார் அந்த அம்மா.

சோலார்காரர் மெதுவாகத் திரும்பினார். “ஏனுங்க, பேனல் மேலயா மிளகு காயுது?”

“வழுக்காம இருக்கச் சாக்கு விரிச்சுத்தானுங்க போட்டிருக்கறோம். ஒரு கீறல் விழுகாது.”

“கீறலை விடுங்க. சாக்கைப் போட்டு மூடுனா கரண்ட் எப்படிங்க வரும்? மழையில மரம் சாஞ்சா நாள்கணக்குல கரண்ட் இல்ல, ஊட்டுக்கும் வாடகை ரூமுக்கும் காலத்துக்கும் கவலையில்லாம வேணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க.”

“கேட்டேனுங்க. நேத்து ரூமுக்கு வந்தவங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிட்டாங்க.”

“மிளகை வேற எங்கயாச்சும் காயப்போடுங்களேன்.”

“எங்கீங்க போடறது? மிளகு காயப்போடற களம் பூராத்துலயும் உங்க ஸ்டேண்டை நட்டுப்போட்டீங்க.”

சோலார்காரரின் குரல் ஏறியது. “உங்க தோட்டத்துல எங்க பார்த்தாலும் சில்வர் ஓக் மரமுங்க. நாள் பூரா வெயில் விழுகற எடம் அந்தக் களம் ஒண்ணுதானுங்க.”

“அதைப் பார்த்துத்தானுங்க எங்க மாமனாரும் அங்க களம் போட்டாரு.”